கூரத்தாழ்வான் காட்டிய மஹாவிச்வாஸம்

ஸ்ரீ:

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது, திருவொற்றியூர், எண்ணூர், மணலி, இராயபுரம் முதலிய இடங்களிலிருந்து திரண்டு வரும் அடியார்களின் முகங்களை மிக அருகிலிருந்து காணும் பேறு, அர்ச்சகனாகிய அடியேனுக்கு வாய்த்திருக்கிறது. கடலுக்குச் சென்றவர் நலமாகக் கரை சேர வேண்டுமென்று வருவோர் உண்டு. ஆலையில் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓடி வருவோர் உண்டு. துறைமுகத்தில் சுமை தூக்கிய தோளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸேவிப்போரும் உண்டு. வாய்விட்டுச் சொல்லும் பிரார்த்தனையைவிட, சொல்லாமல் நெஞ்சில் அடக்கிக்கொண்ட பிரார்த்தனையே பெரும்பாலும் கனமானது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உத்ஸவத்தின்போது, இந்தச் சாத்தாங்காட்டுப் பகுதியில் வசிக்கும் தாயார் ஒருவர் ஸந்நிதிக்கு வந்தார். அவருடைய மகன் இரும்பு அறுக்கும் வேலை செய்பவன். தீப்பொறி தெறித்து ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. சனிக்கிழமை தவறாமல் துளசி மாலை ஸமர்ப்பித்து வந்த குடும்பம் அது. பிள்ளையின் கண்ணைக் காக்காத பெருமாளை இனி எப்படி நம்புவது என்று அந்த அம்மாள் கேட்டார். தீர்த்தம் கொடுத்து, ஸ்ரீசடகோபம் ஸாதித்ததைத் தவிர வேறு விடை சொல்ல அடியேனால் இயலவில்லை. பாடசாலையில் இளமை முதல் ஓதிய சாஸ்திர வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த வேளையில் நாவுக்கு வரவில்லை. அன்றிரவு திருக்காப்புச் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் நெஞ்சில் வந்து நின்றவர், கூரத்தாழ்வான் என்னும் மஹான். அம்மஹானின் சரித்திரத்தைக் குருபரம்பரை சொல்லும் வழியில் இங்கு விண்ணப்பிக்கிறேன்.

கூரத்துச் செல்வர்

காஞ்சீபுரத்துக்கு அருகில் உள்ளது கூரம் என்னும் சிற்றூர். பல்லவ மன்னன் பரமேச்வரவர்மனின் செப்பேடு கிடைத்ததால் சரித்திர ஆராய்ச்சியாளர்களும் அறிந்த ஊர். அவ்வூரில் ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில், அதாவது கி.பி. 1010-ஆம் ஆண்டில், ஆழ்வான் திருவவதாரம் செய்தார் என்பது பெரியோர் வழக்கு. ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய இயற்பெயர். பெருஞ்செல்வர், நாள்தோறும் ஏழை எளியோருக்கு அன்னமிட்டவர். இரவில் அன்னதானம் முடிந்து அவர் திருமாளிகைக் கதவுகளை அடைக்கும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியதாம். அது என்ன ஓசை என்று தாயார் வியந்து கேட்டாள் என்ற செய்தி ஆழ்வானை வந்து அடைந்தது. மற்றொருவராயின் பெருமையால் பூரித்திருப்பார். ஆழ்வானோ, தம் செல்வத்தின் ஆரவாரம் எம்பெருமான் கோயில் வரை கேட்டுவிட்டதே என்று நாணினார். அனைத்தையும் பிறருக்கு வழங்கிவிட்டு, உடுத்த துணியோடு தேவியார் ஆண்டாளை அழைத்துக்கொண்டு திருவரங்கத்துக்குப் புறப்பட்டார்.

வழியில் காடு. ஆண்டாளுக்கு அச்சம் உண்டாயிற்று. கையில் பொருள் இருந்தால்தானே அச்சம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் மறைத்து எடுத்து வந்திருப்பதை அந்த அம்மையார் அப்போது ஒப்புக்கொண்டார். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்தார். அச்சம் தீர்ந்தது. ஆண்டாளுடைய அந்த அச்சத்தைக் குருபரம்பரை மறைக்கவில்லை. அச்சமும் ஐயமும் அடியார் வீட்டிலும் தோன்றும் என்பதற்கு இதுவே முதற் சான்று.

அரவணை மணி ஒலித்த இரவு

ஆழ்வான் தம்மைவிட ஏழு வயது இளையவரான ஸ்ரீராமாநுஜரை ஆசார்யராக வரித்தவர். திருவரங்கத்தில் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்து வந்தார். ஒரு நாள் ஓயாத மழை. பிக்ஷைக்குச் செல்ல முடியாமல் தம்பதிகள் பட்டினியாக இருந்தனர். இரவில் பெரிய பெருமாளுக்கு அரவணை அமுது செய்யும் திருமணியோசை கேட்டது. உன் அடியார் இங்கே பசித்திருக்க, நீ அங்கே அமுது செய்கிறாயோ என்று ஆண்டாளின் உள்ளம் ஒரு கணம் நினைத்துவிட்டது. சற்று நேரத்தில் கோயிலிலிருந்து குடை, திருச்சின்ன மரியாதைகளோடு ப்ரஸாதம் வந்து இறங்கிற்று. ஆழ்வான் திகைத்தார். தாம் கேட்கவில்லையே என்று தேவியாரை வினவினார். நிகழ்ந்ததை அவர் சொன்னார். கேட்டிருக்கலாகாது என்று ஆழ்வான் வருந்தினாராயினும், ப்ரஸாதத்தைச் சிறிதளவு தாம் ஸ்வீகரித்து, எஞ்சியதைத் தேவியாருக்குத் தந்தார். அந்த ப்ரஸாத மகிமையாலேயே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் பிள்ளைகளாகப் பிறந்தனர் என்பர் பெரியோர்.

அடியார்களே, இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. ஆண்டாள் நினைத்தது ஒரு முறையீடு, குறையென்றே சொல்லலாம். எம்பெருமான் அதற்குக் கோபிக்கவில்லை. தன்னை நோக்கி எழுந்த ஐயத்தையும் அவன் பிரார்த்தனையாகவே ஏற்றுக்கொண்டான். அவனை விட்டு வேறெங்கோ சென்று முறையிடாமல், அவனிடமே முறையிட்டதால் அந்த ஐயம் உறவை அறுக்கவில்லை.

எழுத்தாணி நின்ற இடம்

போதாயன வ்ருத்தியைத் தேடி ஸ்ரீராமாநுஜர் காச்மீரம் சென்றபோது ஆழ்வானும் உடன் சென்றார். கிடைத்த சுவடியை அங்குள்ளோர் திரும்பப் பறித்துக்கொண்டனர். ஆசார்யர் மனம் கலங்கியபோது, இரவுகளில் கண் விழித்துப் படித்து அந்த நூலைத் தாம் நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருப்பதை ஆழ்வான் பணிவோடு தெரிவித்தார். அந்த நினைவாற்றலைத் துணையாகக் கொண்டு திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் எழுதத் தொடங்கினர். ஆசார்யர் அருளிச்செய்ய, ஆழ்வான் ஏட்டில் எழுதுவார். தாம் சொல்வதில் ஒவ்வாதது இருந்தால் எழுத்தாணியை நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசார்யரின் கட்டளை.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைக் கூறும் இடம் வந்தது. அறியும் தன்மையே அதன் ஸ்வரூபம் என்று ஆசார்யர் அருளினார். எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருக்கும் சேஷத்வம் அதில் கூறப்படவில்லை. ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசார்யருக்குக் கோபம் மூண்டது. நீரே பாஷ்யம் செய்துகொள்ளும் என்னும்படி வெகுண்டு, அவரைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்தார் என்று சொல்வர். அருகிலிருந்தோர் ஆழ்வானைப் பார்த்து, இனி என்ன செய்யப் போகிறீர் என்றனர். உடைமையை என்ன செய்வதென்பது உடையவரின் பொறுப்பு, உடைமைக்கு அதில் கவலை ஏது என்பது ஆழ்வானின் மறுமொழி. ஆசார்யர் பின்னர் சிந்தித்து, சிஷ்யர் நிறுத்தியதே சரி என்று தெளிந்து, மீண்டும் அவரை அழைத்து எழுதச் செய்தார்.

கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்றால் எப்போதும் தலையாட்டுதல் என்று நாம் எண்ணுகிறோம். ஆழ்வானோ கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததனாலேயே ஆசார்யரின் கோபத்துக்கு ஆளானார். கடினமான கீழ்ப்படிதல் இதுவே. அதன் பலன் உடனே கிடைக்காது. முதலில் கிடைப்பது வேதனையே. அந்த இடைவெளியில் ஓடிவிடாமல் காத்திருப்பவனே நம்பிக்கை உடையவன்.

காவியுடுத்திச் சென்றவர்

குருபரம்பரை கிருமிகண்டன் என்று குறிக்கும் சோழ மன்னன் ஸ்ரீராமாநுஜரை அழைத்துவர ஆளனுப்பினான். தான் எழுதிவைத்த மதவாசகத்தில் அவர் கையொப்பமிட வேண்டும் என்பது அவன் எண்ணம். இந்த யோசனையை மன்னனுக்குச் சொன்னவன் நாலூரான் என்னும் அதிகாரி. ஆபத்தை உணர்ந்த ஆழ்வான், ஆசார்யரின் காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் ஏற்று, ஆசார்யரை வெள்ளை உடுப்பித்து மேல்நாட்டுக்கு அனுப்பிவைத்தார். முதியவரான பெரிய நம்பியோடும், நம்பியின் திருமகளார் அத்துழாயோடும் அரசவைக்குச் சென்றார். நெஞ்சு ஒப்பாததற்குக் கையொப்பமிட மறுத்தார். விளைவு நாம் அறிந்ததே. இருவரும் கண்களை இழந்தனர்.

இச்சரித்திரத்தை ஒரு மன்னனின் கொடுமையாகவே கொள்ள வேண்டும். சைவ வைணவப் பூசலாக வளர்ப்பது தகாது. தியாகராஜ ஸ்வாமி எழுந்தருளியிருக்கும் திருவொற்றியூரின் பக்கத்தில் வாழும் நமக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

திரும்பும் வழியிலேயே, ஆழ்வானின் மடியில் திருமுடியும் அத்துழாயின் மடியில் திருவடியுமாகப் பெரிய நம்பி பரமபதித்தார். நூறு வயதைக் கடந்த அப்பெரியவருக்கு வழியிடையே இறுதிச் சடங்குகளை நிறைவேற்றிவிட்டு, கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் வந்து சேர்ந்தார். அங்கே மற்றொரு சோதனை காத்திருந்தது. ராமாநுஜரைச் சேர்ந்தவர் எவரையும் கோயிலுக்குள் விடலாகாது என்று காவலர்க்கு ஆணை. காவலர்களில் ஒருவன் தடுத்தான். மற்றொருவனோ, இவர் மிகவும் நல்லவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வான் ஓரடி பின்வாங்கினார். தம் நற்குணத்தைச் சொல்லித் தமக்கும் ஆசார்யருக்கும் உள்ள தொடர்பைப் பிரித்து உள்ளே விடுவதானால், அந்தப் பெருமாள் ஸேவையும் தமக்கு வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். கண்கள் போயின, ஆசார்யர் தொலைவில், பெரிய நம்பி இல்லை, இப்போது பெருமாளின் திருவாசலும் அடைபட்டது. நம்பியவனை எம்பெருமான் கைவிட்டான் என்று உலகம் சொல்வதற்கு இதைவிட வேறு ஸாக்ஷி வேண்டுமா? ஆழ்வான் திருமாலிருஞ்சோலைக்குச் சென்று கள்ளழகர் திருவடிகளில் தங்கினார். காணாத கண்களோடு, அழகரின் திருத்தோள்களின் அழகைப் பாடும் ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அங்கே அருளிச்செய்தார். முறையீடு நின்றுவிடவில்லை; துதியும் நின்றுவிடவில்லை.

வரதனிடம் கேட்டது

ஸ்ரீராமாநுஜர் திருநாராயணபுரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எழுந்தருளியிருந்து, மன்னன் மாண்டபின் திருவரங்கம் திரும்பினார். ஆழ்வானைக் கண்டு கண்ணீர் பெருக்கினார். தமக்காக இழந்த கண்கள் அல்லவா? ஆழ்வானோ, யாரோ ஓர் அடியாரின் திருமண்காப்பு கோணலாக இருக்கிறதென்று தாம் எப்போதோ நினைத்திருக்கலாம், அதன் பலன் இது என்று ஆசார்யரைத் தேற்றினார்.

பின்னர் ஆசார்யர் ஒரு கட்டளை இட்டார். காஞ்சி வரதன் கேட்டதைக் கேட்டபடி தருபவன். அவனைத் துதித்துக் கண்களைப் பெற வேண்டும் என்றார். ஆழ்வானுக்குக் கண்கள் மீது ஆசை இல்லை. ஆயினும் மறுக்கவில்லை, வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். வரதன் உகந்து வரம் தர முன்வந்தபோது ஆழ்வான் கேட்டது என்ன தெரியுமா? தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்டவேண்டும் என்பதே. தம் கண்களுக்குக் காரணமானவனுக்காக அந்த வரத்தைச் செலவிட்டார். வரதனும் அவ்வாறே அருளினான். செய்தி கேட்ட ஆசார்யர் முதலில் தம் விருப்பம் நிறைவேறவில்லையே என்று வருந்தினார். பிறகு சிஷ்யரின் உள்ளத்தை உணர்ந்து நெகிழ்ந்தார். எம்பெருமானையும் ஆசார்யரையும் காணும் அளவுக்கு மட்டும் ஆழ்வானுக்கு உட்கண் பார்வை அருளப்பட்டது என்றும் பெரியோர் கூறுவர்.

நிறைவாக, திருவரங்கத்துப் பெரிய பெருமாளிடம் ஆழ்வான் பரமபதத்தை வேண்டினார். அவருக்கும் அவரோடு ஸம்பந்தம் உடையவர்க்கும் அது தரப்பட்டது. அதைக் கேட்ட ஸ்ரீராமாநுஜர், தாமும் ஆழ்வானோடு ஸம்பந்தம் உடையவர் என்னும் மகிழ்ச்சியால் தம் காஷாய உத்தரீயத்தை மேலே வீசி ஆனந்தித்தாராம். ஆசார்யருக்கு முன்பே ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளினார். கூரத்தில் ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலில் அவருக்குத் தனி ஸந்நிதி உண்டு. காஞ்சிக்குச் செல்லும் அடியார்கள் அங்கும் சென்று ஸேவிப்பது நலம்.

நமக்கு உரியது

சரணாகதிக்கு அங்கங்கள் ஐந்து என்று நம் பூர்வாசார்யர்கள் வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் மஹாவிச்வாஸம் ஒன்று. அவன் காப்பான் என்னும் உறுதி. காப்பான் என்றால் கண்ணைக் காப்பான், கையைக் காப்பான், வேலையைக் காப்பான் என்று நாம் பொருள் கொள்கிறோம். அவற்றை வேண்டுவதில் தவறில்லை. கண்ணைக் கேட்கச் சொன்னவர் ஸ்ரீராமாநுஜரே. ஆனால் ஆழ்வானின் சரித்திரம் மேலும் ஒன்றைக் காட்டுகிறது. கண் போன பின்பும் பகை நுழையாத நெஞ்சு ஒன்று அவரிடம் எஞ்சியிருந்தது. அந்த நெஞ்சைக் காத்தவன் யார்? அவனே. அவன் வாக்குத் தவறவில்லை என்பதற்கு ஆழ்வானின் கண்கள் ஸாக்ஷி சொல்லாமல் இருக்கலாம். நாலூரானுக்காக அவர் கேட்ட வரம் ஸாக்ஷி சொல்கிறது.

அந்தத் தாயார் மறு ஆண்டு உத்ஸவத்துக்கு வந்தபோது இச்சரித்திரத்தை அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே. கணவர் அவ்வாறு வந்து நின்றபோது ஆண்டாள் அழுதாளா என்றார். அழுதிருப்பாள் அம்மா, ஸ்ரீராமாநுஜரே அழுதாரே என்றேன். அவர் தலையசைத்து, கொண்டுவந்த துளசி மாலையை நீட்டினார். பக்கத்தில் நின்ற மகன் குனிந்து ஸ்ரீசடகோபம் பெற்றுக்கொண்டான்.

இவ்வுத்ஸவத்துக்கு எழுந்தருளியுள்ள அடியார்கள் அனைவரும், நெஞ்சில் உள்ள குறையை மறைக்காமல் எம்பெருமான் திருவடிகளிலேயே இறக்கிவைத்து, ஆழ்வான் பெற்ற உறுதியில் ஒரு துளியேனும் பெற்றுச் செல்லப் பிரார்த்திக்கிறேன்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்