விழுகிற சந்தையிலே எழும்பின மனிதர்

ஜெஸ்ஸி லிவர்மோர் என்கிற பெயரை நம்மில் அநேகர் கேட்டிருக்க மாட்டோம். ஒரு காலத்தில் நியூயார்க் பங்குச் சந்தையிலே இந்தப் பெயரைச் சொன்னாலே பலருக்கு நடுக்கம் எடுக்கும்.

1877-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு ஏழை விவசாயியின் வீட்டிலே பிறந்தார். பள்ளிக்கூடம் போதும், நிலத்தில் இறங்கு என்று தகப்பன் சொல்ல, 14 வயசில் தாயார் கொடுத்த கொஞ்சம் பணத்தோடு பாஸ்டன் பட்டணத்துக்கு ஓடிப்போனார். பங்குத் தரகர் ஆபீசில் பலகையிலே விலை எழுதுகிற வேலை கிடைத்தது. எழுதி எழுதியே விலைகளின் போக்கு அந்தப் பையனுக்குப் பிடிபட்டுவிட்டது.

விலை ஏறினால் லாபம் என்பது எல்லாருக்கும் தெரியும். இவரோ இறங்கினாலும் சம்பாதித்தார். எப்படி என்கிறீர்களா? பங்கைக் கடன் வாங்கி 100 டாலருக்கு விற்றுவிடுவது. 60-க்கு விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது. 40 டாலர் கையில் நிற்கும். ஆனால் விலை ஏறிவிட்டாலோ நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது!

இதற்குக் கணக்கு மட்டும் போதாது, மனசு வேண்டும். ஊரே குதூகலமாய் வாங்கும்போது தன்னந்தனியாய் நின்று விற்க வேண்டுமே! மனுஷன் நஷ்டத்தில் இருக்கும்போது நம்பிக்கொண்டே உட்காருகிறான். லாபம் வந்தால் பயந்து சீக்கிரம் எடுத்துவிடுகிறான். இதை அப்படியே புரட்டிப்போட வேண்டும் என்று லிவர்மோர் கண்டுகொண்டார்.

1907 அக்டோபர் பீதியில் ஒரே நாளில் பத்து லட்சம் டாலர் வந்தது. அடுத்த வருஷமே, வேறொருவர் பேச்சைக் கேட்டுப் பருத்தி வாங்கினார். விலை விழ விழ மேலும் வாங்கினார். தான் கண்ட பாடத்தைத் தானே மீறினார், பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாம் போயிற்று. 1915-ல் திவால். மறுபடியும் எழும்பினார்.

1929 அக்டோபரில் சந்தை நொறுங்கியது. அன்று அவர் வீடு திரும்பினபோது, குடும்பம் அழிந்துபோனது என்று நினைத்து மனைவி சாமான்களை அப்புறப்படுத்தியிருந்தாராம். அவரோ அந்த வீழ்ச்சியிலே ஏறக்குறைய பத்து கோடி டாலர் சம்பாதித்திருந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளில் அழுகை. ஜனங்களின் கோபம் அவர்மேல் திரும்பியது.

அந்தப் பணமும் நிற்கவில்லை. 1934-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் கடனோடு மீண்டும் திவால். 1940 மார்ச்சில், சந்தையிலே மனசை அடக்குவது எப்படி என்றெல்லாம் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே வருஷம் நவம்பர் 28-ந்தேதி, நியூயார்க் ஓட்டல் ஒன்றிலே, 63-வது வயசில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனைவிக்கு எழுதிவைத்த கடைசிக் குறிப்பில், தான் தோற்றுப்போனவன் என்று எழுதியிருந்தார்.