பாரதியும் கேலிச்சித்திரமும்

பாரதி என்றதும் முண்டாசும் முறுக்கு மீசையும்தான் நம் கண்முன் வரும். பீடோரில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் சுவரிலும் அந்தப் படம்தான் தொங்கியது. கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்காக அவரை மனனம் செய்த நம்மில் எத்தனை பேருக்கு அவர் கேலிச்சித்திரங்களால் ஓர் அரசை எரிச்சலூட்டிய பத்திரிகையாசிரியர் என்பது தெரியும்?

1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியத்துக்குப் பாரதி என்ற பட்டமே அரசவைப் புலவர்கள் தந்ததுதான். தந்தை இறந்தபின் காசியில் படிப்பு, திரும்பி வந்து ஜமீன் வேலை, 1904-இல் மதுரையில் சில மாதம் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் சேர்ந்தார். அரண்மனையை அண்டிப் பிழைக்கும் புலவராக அவர் முடிந்துவிடாதது தமிழின் நல்லகாலம்.

1906-இல் இந்தியா என்ற வார இதழ் தொடங்கியது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரங்களை முதன்முதலில் வெளியிட்ட இதழ் அது. அன்று நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுத்தறியாதவர்கள். வங்கப் பிரிவினையையும் 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்ததையும் அவர்களுக்குத் தலையங்கம் எழுதிப் புரியவைக்க முடியுமா? படம் போட்டால் டீக்கடையில் இருப்பவனும் பார்த்துச் சிரிப்பான். படத்துக்குக் கீழே விளக்கக் குறிப்பும் வரும்.

1908-இல் அரசு பாய்ந்தது. ஆனால் கைதானவர் பாரதியல்லர். ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன். அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதி விழாக்களில் இந்தப் பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். தாண்டக்கூடாது என்பது என் கருத்து. அவர் எழுதியதற்கு இன்னொருவர் சிறை சென்றார். அதே நேரம், பாரதியும் உள்ளே போயிருந்தால் இதழ் அன்றே செத்திருக்கும். இரண்டும் உண்மை.

எல்லைக்கு அப்பால் நின்று கேலி செய்வது உலகத்துக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு 1688 ஜூனில் ஆண் வாரிசு பிறந்தது. அது அரசியின் பிள்ளையே அன்று, படுக்கையைச் சூடாக்கும் சட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த பிள்ளை என்று புரோட்டஸ்டண்டுகள் வதந்தி கிளப்பினர். ஹாலந்தில் ரொமெய்ன் டி ஹூக் என்ற ஓவியர் ஜேம்ஸையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சு மன்னரையும் கிண்டலடித்துப் படங்களைச் செதுக்கி அச்சிட்டார். அக்காலப் படங்களில் குழந்தையின் கையில் காற்றாலைப் பொம்மை இருக்கும். அப்பன் ஓர் ஆலைக்காரன் என்று அர்த்தம்! அவ்வாண்டு முடிவதற்குள் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். மருமகன் வில்லியம் அரசரானார். (வாரிசுச் சண்டை பேராக்காரர்களுக்கும் தெரிந்ததே. 1871-இல் சுல்தான் அலி மறைந்தபின் மூண்ட பூசல்தான் 1874-இல் பங்கோர் ஒப்பந்தத்தின் வழி ஆங்கிலேயரை உள்ளே கொண்டுவந்தது.)

ஆனால் டி ஹூக்குக்குப் பின்னால் வில்லியத்தின் கப்பற்படை இருந்தது. பாரதிக்குப் பின்னால் கடன்தான் இருந்தது. 1908 அக்டோபரில் இந்தியா புதுச்சேரியிலிருந்து மறுபடி வந்தது, கேலிச்சித்திரங்களும் தொடர்ந்தன. ஆங்கில அரசு அங்கே கைவைக்க முடியாமல், இதழ் தன் எல்லைக்குள் நுழையத் தடைபோட்டது. வாசகர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம், அச்சகம் அந்தப் பக்கம். தபால் வழி அடைபட்டபின் ஒரு பத்திரிகை என்ன செய்யும்? 1910 மார்ச்சில் நின்றது. கேலிச்சித்திரங்களுக்கென்றே சித்திராவளி என ஓர் இதழ் நடத்தவும் பாரதி திட்டமிட்டிருந்தார். அது வெளிவரவேயில்லை.

பத்தாண்டுக்கால புதுச்சேரி வாழ்க்கைக்குப்பின் 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைதானார். சில வாரங்களில் விடுதலை. 1920-இல் மீண்டும் சுதேசமித்திரன். 1921 செப்டம்பரில் மறைந்தபோது வயது 39 நிறையவில்லை. இந்தியா இதழின் கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-இல் நூலாக்கினார்.