நாதஸ்வரச் சக்கரவர்த்தியைப் படித்த கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டவுடன் எனக்கு நம் ஹாஸ்டல் மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது. அறை நண்பன் ஒருவன் எல்விஸ் பிரெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றை ராத்திரி பகலாகப் படித்துவிட்டு, கார், கூட்டம், கிறுக்குத்தனம் என்று கதை கதையாக அளப்பான். இதென்ன பிரமாதம், நம்ம தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அப்படி ஒருத்தர் இருந்தாரே என்று நானும் ஆரம்பித்துவிடுவேன். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு வராமல் போனது, பாதியில் எழுந்து போனது, அவருடைய குடி, கோபம் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டதையெல்லாம் எடுத்து விடுவேன். மாடியே சிரிக்கும்.

ஒருவன் மட்டும் சிரிக்க மாட்டான். அவன் அப்பா கோயில் நாயனக்காரர். ஏண்டா என்று ஒருநாள் கேட்டேன். இந்தக் கதையெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றான். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. பிற்பாடு படித்த புத்தகங்கள்தான் விளங்க வைத்தன.

ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898 ஆகஸ்ட் 27-ல், திருமருகலில். வைத்த பெயர் பாலசுப்ரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அவரைப் பிள்ளையாக ஸ்வீகாரம் எடுத்து வளர்த்தார். டி.என். என்ற இரண்டு எழுத்தும் அந்த மாமன் தந்தவை. முதலில் கற்றது வாய்ப்பாட்டு, திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம். அதன் பிறகுதான் நாயனம். திருவாவடுதுறை ஆதீன வித்வானாகி, ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நாயனக்காரர் எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சுவாமி புறப்பாட்டில் விடிய விடிய நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பாடுகிறவருக்கு மேடை, நாயனத்துக்குத் தெரு. ராஜரத்தினம் குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். கோட்டு போட்டார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். இதைத் தெரிந்துகொண்டு பழைய கதைகளைத் திரும்பப் பாருங்கள். எங்கள் திண்ணையில் திமிர் என்று பெயர் வாங்கியது, நண்பன் வீட்டில் மானம் என்று பெயர் வாங்கியிருக்கும். கதை ஒன்றுதான், கேட்கிற வீடுதான் வேறு.

இதையே ஆராய்ந்து, யோஷிதாகா தெராதா என்ற ஜப்பானியர் 1992-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஒரே மனிதரைப் பற்றிய கதைகளை வெவ்வேறு சமூகத்தார் எப்படி வெவ்வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். நம்ம பக்கத்திலேயே பி.எம். சுந்தரம் மங்கல இசை மன்னர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன், அதாவது உள்வீட்டுப் பிள்ளை. வெளியிலிருந்து பார்த்தவர் ஒருவர், உள்ளிருந்து பார்த்தவர் ஒருவர். இரண்டையும் படித்தால்தான் ஆள் முழுசாகத் தெரிகிறார்.

கதைகளின் சத்தத்தில் காணாமல் போகிற இன்னொன்று, அவருடைய உழைப்பு. முன்பெல்லாம் வாசித்தது திமிரி நாயனம். அளவில் குட்டை, சுருதி உச்சம். அதில் சுத்த மத்திமம் சரியாக நிற்காது, உதட்டாலும் மூச்சாலும் சமாளிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து பலமுறை செய்து பார்த்து, நீளம் கூடி சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் கொண்டுவந்தார். அதில் சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசியது. அவர் பேர் சொன்னாலே நினைவுக்கு வரும் தோடிக்கும் சுத்த மத்திமம்தான். ஆச்சா மரத்தில் கடையும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிர் பிடித்தவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் ஆசாரியின் பட்டறையில் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்க வேண்டும்! மாடியில் நான் அதைச் சொன்னதே இல்லை.

1940-ல் காளமேகம் படத்தில் கவிராயராக நடித்தார். 1947 ஆகஸ்டில் ஆதீனத்தின் சார்பில் டில்லி போனவர்களோடு போய், சுதந்திரம் வந்த வேளையில் வாசித்தார். 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். வயது 58. குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. மானத்துக்காகச் சண்டை போட்டார் என்பதற்காக அவருடைய குறையெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எந்த ஊர்ப் பாட்டுக்காரர் வாழ்க்கையைப் படித்தாலும், இந்தக் கதையை யார் சொல்கிறார், அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தத் தோடியைக் கேளுங்கள், பழைய கிராமபோன் தட்டிலிருந்து எடுத்தது இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது.

இந்த மலர் என் நண்பன் கைக்கும் போகும் என்று நம்புகிறேன். சந்திப்புக்கு வந்தால் பழைய கதைகளை இந்தத் தடவை அவன் சொல்லட்டும். நான் கேட்கிறேன்.