தன் உடலில் முதல் ஊசி!

ஊசி போட வருகிறார்கள் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடிய தாய்மார்களை நாம் அறிவோம், தோழர்களே! அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது எளிது. ஏசிக்கொண்டிராமல், தன் உடலை முன்னே நீட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

வால்டெமார் ஹாஃப்கின் 1860-ல் ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே ஜார் ஆட்சியை எதிர்த்துச் சிறை கண்டவர். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை நூலக உதவியாளர் வேலை! புத்தகம் அடுக்கிய கைகள் ஒழிந்த நேரத்தில் காலராக் கிருமியை ஆராய்ந்தன. 1892 ஜூலையில், தான் கண்ட மருந்தைத் தன் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இந்தியா வந்தார். 1894-ல் கல்கத்தாவின் குடிசைப் பகுதியொன்றில் சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பிறகு அங்கே காலரா கண்டவர்கள் அனைவரும் போட்டுக்கொள்ளாதவர்களே.

1896-ல் பம்பாயில் பிளேக். வெள்ளை சர்க்கார் வீடு புகுந்து சோதித்தது. நோயாளிகளை இழுத்துச் சென்றது. அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு மருத்துவமனைமீது பாய்ந்தனர். அவர்கள் அஞ்சியது மருந்துக்கா, அதிகாரத்துக்கா? அதிகாரத்துக்கே என்போம் நாம். அதே ஊரில் ஹாஃப்கின் மூன்றே மாதங்களில் பிளேக் மருந்து கண்டார். 1897 ஜனவரி 10-ல் அதையும் முதலில் தனக்கே ஏற்றிக்கொண்டு காய்ச்சலில் வாடினார். அடுத்து பைகுல்லா சிறைக் கைதிகள், தாமாக முன்வந்தவர்களாம். (பூட்டிய கதவுக்குள்ளே சம்மதம் எவ்வளவு சம்மதமோ!) அது முழுக் காப்பு அல்ல, ஆயினும் போட்டுக்கொண்டோரிடையே சாவு வெகுவாகக் குறைந்தது.

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமம். ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். பழி ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது, ஹாஃப்கின் பதவியிழந்தார். புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அதை நெருப்பில் காட்டாமல் கிருமிநாசினியில் நனைத்தெடுத்து உபயோகித்ததும் விசாரணையிலேயே வெளிவந்திருந்தன. கேட்பார் யார்? ரொனால்டு ராஸ் முதலான விஞ்ஞானிகள் லண்டன் பத்திரிகையில் வாதாடிய பிறகே, 1907-ல் பழி நீங்கிற்று. பழைய பதவி மட்டும் திரும்பவில்லை.

1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் மறைந்தார். பம்பாய்ப் பரேலில், ஆலைகளின் நடுவே அவர் நடத்திய ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அதிலிருந்து பின்னாளில் பிரிந்த அரசு நிறுவனம் தயாரித்த போலியோ சொட்டு மருந்து, நம் நாட்டுக் குழந்தைகளின் வாயில் விழுந்தது.