வைத்தியர் ஜான் காக்ரேன்

செய்த ஊழியத்திற்குரிய கூலியைக் காலத்திற் கொடுத்தல் அறங்களுள் தலையாயது. அது காலந் தாழ்ந்தவிடத்து உழைத்தவன் கைக்கு வாராது பிறன் கைக்குச் செல்லுதலும் உண்டு. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளிற் கேட்போர் பக்கத்தும் கொடுப்போர் பக்கத்தும் நின்று கண்டவர், அமெரிக்க சுதந்தரப் போரிற் படைவைத்தியத் தலைவராய் விளங்கிய ஜான் காக்ரேன் என்னும் பெரியார். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1730-ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில், அயர்லாந்திலிருந்து குடியேறியதொரு குடும்பத்திற் பிறந்தார். லங்காஸ்டர் நகரில் மருத்துவம் பயின்று, ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் வட அமெரிக்காவில் நிகழ்ந்த போரில் துணை இரணவைத்தியராயிருந்து கைதேர்ந்தார். 1760-இல் ஸ்கைலர் குடும்பத்துக் கெர்ட்ரூடு அம்மையாரை மணந்து, நியூஜெர்ஸியில் வைத்தியஞ் செய்து வந்தார். 1766-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தை நிறுவினாருள் ஒருவராகி, 1769-இல் அதன் தலைவருமாயினார்.

சுதந்தரப் போர் மூண்டபின், 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வாஷிங்டனது படைக்குத் தலைமை வைத்தியராக நியமிக்கப்பெற்றார். அக்காலத்துக் காங்கிரஸ் மகாசபை அச்சிட்ட காகிதப் பணம் நாளுக்குநாள் மதிப்பிழந்து, 1780-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 40 காகித டாலர் ஒரு வெள்ளி டாலருக்கு ஈடென அச்சபையே வகுக்க நேர்ந்தது. அச்சம்பளமும் உரிய காலத்தில் வந்திலது. அவ்வாண்டு அக்டோபரில், போர் முடியுமளவும் நிலைத்து நிற்கும் படைத்தலைவர்கட்கு ஆயுள் முழுதும் பாதிச் சம்பளம் தருவதாகச் சபை வாக்களித்தது. வைத்தியர்கட்கு அவ்வுரிமை 1781-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதியன்றே கிடைத்தது. படைவைத்தியசாலைகளின் தலைமை இயக்குநர்க்கு லெப்டினன்ட் கர்னலுக்குரிய பாதிச் சம்பளமும், ஏனை வைத்தியர்க்குக் காப்டனுக்குரியதும் எனத் திட்டஞ் செய்தனர். அந்நாளிலேயே காக்ரேன் தலைமை இயக்குநராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

பதவியேற்ற அவர், தம்கீழ் வைத்தியர் சம்பளமின்றி வாடுதலையும், நோயாளிகள் உணவும் மருந்துமின்றி வருந்துதலையும் எடுத்துக்காட்டி ஆட்சியாளர்க்கு இடையறாது விண்ணப்பங்கள் வரைந்தார். எனினும் சபையின் பொக்கிஷமோ வறிதாயிருந்தது.

1783-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் தேதி, ஆயுள் பாதிச் சம்பளத்திற்கு மாற்றாக ஐந்தாண்டு முழுச் சம்பளத்தை, நூற்றுக்கு ஆறு வட்டியுடைய கடன்பத்திரமாகப் பெறலாமெனத் தீர்மானித்தனர். பத்திரம் கைக்கு வந்தும் வட்டி வந்திலது. குடும்பங் காக்கவேண்டிய பலர், அதன் மதிப்பில் ஒரு சிறு பகுதிக்கே வியாபாரிகட்கு விற்றொழித்தனர்.

1790-இல் பொக்கிஷ மந்திரி அலெக்சாந்தர் ஹாமில்டன் அக்கடன்களைத் தீர்க்க முற்பட்டார். இவர் காக்ரேன் மனைவியாரின் தம்பி மகளை மணந்தவர். பத்திரத்தை முதலிற் பெற்றவர்க்கும் ஒரு பங்கு தரவேண்டுமென ஜேம்ஸ் மாடிசன் வாதித்தார். அது 13-க்கு 36 வாக்குகளால் தோல்வியுற்றது. பத்திரம் எவர் கையிலிருந்ததோ அவரே பணத்திற்கு உரியராயினர்.

அவ்வாண்டிலேயே வாஷிங்டன் காக்ரேனை நியூயார்க்கில் கடன் ஆணையாளராக நியமித்தார். சம்பளங் கேட்டு எழுதிய கையே இப்பொழுது அப்பத்திரங்களைப் பதிவு செய்வதாயிற்று. விற்றுவிட்ட வைத்தியர்க்கு இரங்கலாமேயன்றிச் சட்டப்படி ஒன்றும் வழங்க இயலாது. பின்னர் வாதநோயுற்றுப் பதவி துறந்து, நியூயார்க் இராச்சியத்துப் பாலடைன் என்னும் ஊரில் வாழ்ந்து, 1807-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி காலமானார்.

அன்பர்காள்! வாக்களித்தல் எளிது, அதனை உரியவன் பசித்திருக்கும்பொழுதே நிறைவேற்றல் அரிது. வேலைகொள்வோர் யாவரும் இதனை நினைவிற் கொள்வாராக.