ஆத்துமவிசாரியாய் நின்ற கவிஞர்

ஹென்றி ஆல்பிரடு கிருஷ்ண பிள்ளையவர்களைக் கிறிஸ்தவக் கம்பர் எனத் தமிழுலகம் போற்றுவதை யாவரும் அறிவர். இரட்சணிய யாத்திரிகத்தின் சொற்சுவையை வியப்பார் பலர். அந்நூலைப் பாடுதற்கு முன் அவரது இருதயம் பண்பட்ட விதத்தை நினைப்பார் சிலரே. அதனையே ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

அன்னார் திருநெல்வேலியைச் சார்ந்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827ஆம் ஆண்டில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் ஊறியவர். ஆதலின் மைந்தருக்கும் அக்காவியமே தாய்ப்பாலோடு ஊட்டப்பெற்றது போலாயிற்று. இலக்கண இலக்கியங்களைத் தக்க ஆசிரியர்பாற் கற்றுத் தேர்ந்த பின்னர், 1853ஆம் ஆண்டிற் கால்டுவெல் ஐயரவர்களாற் பரீட்சிக்கப்பெற்றுச் சாயர்புரத்துக் கலாசாலையிற் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார்.

அங்கே அவர் நாடிச் சென்றது உத்தியோகமேயன்றிக் கிறிஸ்து மார்க்கமன்று. தம் முன்னோர் சமயத்தில் உறுதி உள்ளவராகவே இருந்தார். எனினும் உடன்பிறந்தாராகிய முத்தையா பிள்ளையும் நண்பர் தனுக்கோடி ராஜுவும் தமக்கு முன்னரே கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டமை அவரது உள்ளத்தை அசைத்தது. வேதாகமத்தையும் பனியன் என்பார் இயற்றிய பரதேசியின் பிரயாண சரித்திரத்தையும் வாசித்தார், வாசித்துச் சிந்தித்தார், சிந்தித்துக் கலங்கினார். தம் பாவத்தைக் குறித்த துயரமும், உற்றாரை இழப்போமோ என்னும் அச்சமும் ஒன்றோடொன்று மல்லாடின. கற்றவனுக்கு வாதம் செய்வது எளிது. தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது அரிது. சாயர்புரத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையில் ஐந்தாண்டுகள் சென்றன.

திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து மாணாக்கர் இத்தாமதத்தின் பொருளை எளிதில் உணர்வர். விருத்தாசலத்துப் பீங்கான் வேலை செய்வோர் களிமண்ணை நேரே சூளையில் இடுவாரோ? கல்லும் கசடும் போக்கி, பிசைந்து, வனைந்து, நிழலிற் பதமாக உலர்த்திய பின்னரே தீயிலிடுவர். ஈரம் உள்ளிருக்க இட்ட பாண்டம் வெடித்துப்போம். அவசரத்தில் எடுத்த தீர்மானம் பலருக்கு அவ்வாறே முடிகின்றது. கிருஷ்ண பிள்ளையவர்களுடையது அவ்வாறு முடியவில்லை.

1858ஆம் ஆண்டிற் சென்னையில் அவர் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பது நிரம்பியிருந்தது. வீட்டார் உடனே உடன்படவில்லை. மனைவியார் பின்னரே கணவர் கொண்ட மார்க்கத்தைத் தழுவினார். சென்னையிலே சிலகாலம் தமிழாசிரியராகவும் பத்திரிகைப் பணியாளராகவும் இருந்து, மீண்டும் சாயர்புரத்திலும், பின்னர்த் திருநெல்வேலிக் கலாசாலையிலும், திருவனந்தபுரத்திலும் கற்பித்தார்.

ஞானஸ்நானத்தோடு அகத்தின் ஆயத்தம் முடிந்துவிட்டதென்று அவர் எண்ணவில்லை. தம்மைத் தீண்டிய பனியனது கதையையே பெருங்காப்பியமாக்க முனைந்தார். அது நற்போதகம் என்னும் மாதப் பத்திரிகையிற் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894ஆம் ஆண்டிலேயே நூலுருப் பெற்றது. ஞானஸ்நானத்தினின்று எண்ணினால் முப்பத்தாறு ஆண்டுகள்! மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்கள். இதனை வெறும் மொழிபெயர்ப்பென்பார் நூலைத் திறந்து பாராதவர். ஆங்கில நூலில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைத்தும், இடையிடையே நெஞ்சை உருக்கும் தேவாரங்களை அமைத்தும் அதனைத் தமதாக்கினார். யாத்திரைக்குப் புறப்படும் நாயகனுக்கு அவர் இட்ட பெயர் ஆத்துமவிசாரி என்பது. இப்பெயரைக் காணுந்தோறும், சாயர்புரத்திற் பாடம் முடிந்தபின் தனித்திருந்து தன்னையே விசாரித்த இளம்பண்டிதரின் நினைவு எமக்கு வருகின்றது.

முதுமையிலும் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். இரட்சணிய மனோகரம் 1899ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1900 பிப்ரவரி 3ஆம் நாள், தமது எழுபத்திரண்டாம் பிராயத்தில் அவரது யாத்திரை முற்றுப்பெற்றது. அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் நம் ஆலயங்களிற் பாடப்படுகின்றன.