அந்திரே மரி அம்பியர்

மின்னோட்டத்தை அளக்கும் அலகாக அம்பியர் என்னும் சொல்லை நம் மாணவர் நாடோறும் எழுதுகின்றனர். அது ஒருவர் பெயர் என்பதை அறிந்தார் பலர். அவர் பட்ட துன்பங்களை அறிந்தார் சிலர். தமிழாசிரியர்க்குப் பௌதிகத்தில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். கணிதத்தின்பொருட்டு ஒரு மொழியையே கற்றவர் இப்பெரியார் என்பது எம் விடை.

அம்பியர் பிரான்சு தேசத்து இலியோன் நகரில் 1775 ஆம் ஆண்டு சனவரி 20 ஆந் திகதி பிறந்தார். தந்தையார் பட்டு வணிகர். உரூசோவின் கல்விக் கொள்கையில் ஈடுபாடுடையவர். மைந்தனைப் பள்ளிக்கு அனுப்பாது, பொலெமியே என்னும் சிற்றூரில் தம் நூல்நிலையத்தைத் திறந்துவிட்டு, விரும்பியதைக் கற்க என விடுத்தார். ஒயிலர், பேணூயி என்போரின் கணித நூல்கள் இலத்தீனில் இருக்கக் கண்ட சிறுவர், அம்மொழியைச் சின்னாளிற் கற்று அவற்றுட் புகுந்தார். பரீட்சைக்கு அஞ்சிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதைபோலத் தோன்றும்.

1793 இல் புரட்சியின் சினம் இலியோன்மேற் பாய்ந்தது. அந்நகரில் நீதவானாய் இருந்த தந்தையார் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். பதினெட்டு வயதினரான மகன் ஓராண்டளவு கல்வியை அறவே கைவிட்டார். தாவரங்களைப் பற்றி உரூசோ எழுதிய கடிதங்களே அவரை மீண்டும் நூல்களின்பாற் கொணர்ந்தன. 1799 இல் யூலி கரோன் என்னும் நங்கையை மணந்தார். 1802 இல் பூர்க் நகரில் ஆசிரியப் பதவி கிடைத்தபோது, நோயுற்ற மனைவியை இலியோனில் விட்டுப் பிரிய நேர்ந்தது. அடுத்த ஆண்டே அவ்வம்மையார் இறந்தார். அம்பியர் பாரிசு சென்று கணிதங் கற்பிக்கலானார். ஆங்கு நிகழ்ந்த இரண்டாம் மணமும் இன்பந் தந்திலது.

இவ்வாறு நொந்த நெஞ்சினர்க்கு நாற்பத்தைந்தாம் அகவையில் வாய்த்தது 1820 ஆம் ஆண்டு. மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்பும் என்று தென்மார்க்கு அறிஞர் ஏர்செட்டு கண்டதை, அராகோ என்பார் செத்தெம்பரிற் பாரிசு விஞ்ஞானக் கழகத்திற் செய்துகாட்டினார். ஒரு கிழமையுள், 18 ஆந் திகதி, அம்பியர் தம் முதற் கட்டுரையை அங்கு வாசித்தார். ஒரே திசையில் மின் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும், எதிர்த்திசையிற் செல்லின் தள்ளும் எனவும் விரைவிற் காட்டினார். குழாய்போற் சுற்றிய கம்பிச்சுருள் காந்தச் சட்டம்போல் ஒழுகுவதையும் கண்டு, அதற்குக் கிரேக்க மொழியினின்று சொலினொயிட்டு எனப் பெயரிட்டார். குழாய்வடிவினது என்பது பொருள். இவ்வாராய்ச்சியெல்லாம் திரண்ட பெருங்கட்டுரை 1827 இல் வெளிவந்தது.

இன்று அம்பியர் விதி என மாணவர் பயிலும் வடிவம் பின்வந்த மட்சுவெல் தந்தது. மூடிய பாதையொன்றின் வழியே காந்தப்புலத்தைக் கூட்டிவரின், அத்தொகை அப்பாதையூடு செல்லும் மின்னோட்டத்துக்கு விகிதசமமாகும் என்பது அது. நீண்ட சுருளொன்றில் இதனைப் பொருத்திக் காண்போம். செவ்வகப் பாதை ஒன்று கொள்க. அதன் ஒரு பக்கம் சுருளினுள்ளே அச்சுக்குச் சமாந்தரமாகவும், எதிர்ப்பக்கம் சுருளுக்கு வெளியேயும் அமைக. வெளியே புலம் ஏறக்குறையப் பூச்சியம். குறுக்குப் பக்கங்கள் இரண்டும் புலத்துக்குச் செங்குத்தாதலின் அவை தருவதும் ஒன்றில்லை. எஞ்சியது உட்பக்கம் ஒன்றே. ஆகவே உட்புலம் மீற்றருக்கு எத்தனை சுற்று, எவ்வளவு மின்னோட்டம் என்பவற்றையே பொறுத்தது. சுருளின் அகலம் கணக்கில் வாராது. மீற்றருக்கு 1000 சுற்றும் 2 அம்பியர் மின்னோட்டமும் ஆயின், புலம் ஏறத்தாழ 0.0025 தெசிலா, புவியின் காந்தப்புலத்திலும் பல பதின்மடங்கு. நான்கு பக்கத்துள் மூன்றை விலக்கி ஒன்றிற் பொருளைக் காணும் இம்முறையின் அழகு, கணிதம் அதிகம் அறியாத எமக்கும் இனிக்கின்றது.

மின்னோட்ட அலகுக்கு அவர் பெயரை 1881 இற் பாரிசிற் கூடிய மின்னியல் மாநாடு இட்டது. அதனைக் காண அவர் இருந்திலர். கல்விப் பரிசோதகராய் ஊர்தோறுஞ் சென்றுவந்த காலத்தில், 1836 யூன் 10 ஆந் திகதி, மார்செய் நகரில் இறந்தார். இன்று பாரிசின் மொன்மாத்திரு இடுகாட்டில், முதல் மனைவி பெற்ற மகனாரின் அருகே கிடக்கின்றார்.